மேரிகோல்ட் ஹோட்டல் இரண்டாம் பாகத்தை அப்பா அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். 'தி பெஸ்ட் எக்ஸாட்டிக் மேரிகோல்ட் ஹோட்டல்' என்ற ஆங்கிலப் படத்தை இருவரும் மூன்று தடவை பார்த்துவிட்டார்களாம். அதற்கு இரண்டாம் பாகம் ஒன்று இருப்பது இப்போது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "முதல் பாகத்துக்கு இது ஈடாகுமா? அவ்வளவு நன்றாக இல்லை என்கிறார்கள். போட்டுக் காட்டவா, வேண்டாமா?" என்பது கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. படமாகப் பார்த்தால் இரண்டாவது முதலாவதுக்குச் சமமா என்பது ஒன்று. அதற்குப் பதில் சொல்வது எளிது. உங்கள் மனதை உறுத்துவது மற்றொன்று என்று நினைக்கிறேன். வயதான இரண்டு பேர் ஒரு படத்தைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதன் தொடர்ச்சியைக் காட்டி அந்தச் சந்தோஷத்தை நாமே கலைத்துவிடுவோமோ என்கிற பயம். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஈடாகாது. கதைக்கட்டில் இரண்டாம் பாகம் தளர்ந்த படம். ஆனால் அதற்குள் மியூரியல் என்ற கிழவியின் கதை இருக்கிறதே, அது முதல் படத்தில் உள்ள எதையும்விட ஒரு படி மேலே நிற்கிறது. அதற்காகவே காட்ட வேண்டும் என்பது என் கருத்து. எப்படி, எப்போது காட்டுவது என்பதில் மட்டும் கவனம் தேவை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தினேன். அதோடு சேர்த்துப் பதினெட்டு வருடம் திரைப்பட ரசனை என்ற பாடத்தையும் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு லாஸ்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை படம் போடுகிறோம். முப்பது, நாற்பது பேர் வருவார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். இந்த இரண்டு படங்களையும் அங்கே மூன்று மாத இடைவெளியில் போட்டிருக்கிறோம். ஆகவே கதைக்கட்டைப் பற்றி நான் சொல்வது வகுப்பில் படித்து, நடத்திச் சேர்த்த அறிவு. பார்ப்பவர் மனதைப் பற்றிச் சொல்வது அந்த மாடியில் கண்டது. முதலாவதை உறுதியாகச் சொல்வேன். இரண்டாவதை அந்த அளவுக்கு மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரை வைத்து ஊருக்கெல்லாம் பேச முடியாது, உங்கள் அப்பா அம்மாவை உங்களைவிட எனக்குத் தெரியவும் தெரியாது.

படம் பார்க்காதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் கதையைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற ஏழு பேர், வயதானவர்களுக்கான அழகிய விடுதி என்ற விளம்பரத்தை நம்பி ஜெய்ப்பூருக்கு வருகிறார்கள். வந்து பார்த்தால் பாதி இடிந்த பழைய மாளிகை. கதவில்லாத அறைகூட இருக்கிறது. அதை நடத்துகிற சன்னி என்கிற இளைஞனிடம் பணமில்லை, கனவு மட்டும் நிறைய இருக்கிறது. டெபோரா மோகாக் 2004இல் எழுதிய நாவல்தான் மூலம். நாவலில் கதை நடப்பது பெங்களூரில். படத்துக்காக ராஜஸ்தானுக்கு மாற்றினார்கள். விடுதியாக வருவது உதய்ப்பூருக்குப் பக்கத்தில் கேம்பூர் கிராமத்தில் உள்ள பழைய அரண்மனை வீடு. இயக்கம் ஜான் மேடன், திரைக்கதை ஓல் பார்க்கர். இங்கிலாந்தில் 2012 பிப்ரவரியில் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2015இல். இயக்குநர் அவரே, திரைக்கதை எழுதியவரும் அவரே, முக்கிய நடிகர்களும் பெரும்பாலும் அவர்களே. ஆகவே ஆள் மாறியதால் தரம் குறைந்தது என்று சொல்ல இடமில்லை. காரணத்தைக் கதையில்தான் தேட வேண்டும்.

முதல் படம் ஏன் பிடிக்கிறது? அந்த ஏழு பேரில் பெரும்பாலோர் ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை, போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள். ஜூடி டென்ச் நடித்த ஈவ்லின், கணவர் இறந்த பிறகுதான் அவர் விட்டுப்போன கடனைப் பற்றித் தெரிந்துகொள்கிறாள், வீட்டை விற்கிறாள். பில் நையும் பெனலோப் வில்டனும் நடித்த டக்ளஸ், ஜீன் தம்பதி, தங்கள் சேமிப்பை மகள் ஆரம்பித்த நிறுவனத்தில் போட்டுவிட்டுக் கையைப் பிசைகிறார்கள். மேகி ஸ்மித் நடித்த மியூரியல், ஒரு குடும்பத்துக்காகக் காலமெல்லாம் வீட்டு வேலை பார்த்தவள். தன் இடத்துக்கு வரப்போகிறவளுக்குத் தானே வேலை கற்றுக்கொடுத்த பிறகு வெளியே அனுப்பப்பட்டவள். இடுப்பு மாற்று அறுவைக்கு ஊரில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் இங்கே அனுப்பப்படுகிறாள். இந்தியர்கள் என்றாலே அவளுக்கு ஆகாது. டாம் வில்கின்சன் நடித்த கிரஹாம் நீதிபதியாக இருந்தவர். இளமையில் இந்தியாவில் தான் நேசித்த மனிதரைத் தேடி வருகிறார். ஆளுக்கொரு காயம், அத்தனை பேரையும் ஒரே வாசலில் கொண்டுவந்து விடுகிறது கதை. "வந்துசேர்தல்" என்ற ஒரே செயலில் ஏழு கதைகளும் கட்டப்பட்டிருக்கின்றன. திரைக்கதையில் இதைவிட உறுதியான கயிறு கிடையாது.

எங்கள் மாடியில் அன்று மிகவும் அழுத்தமாக விழுந்தது டக்ளஸ், ஜீன் கதைதான். நான் எதிர்பார்க்கவில்லை. காதல் பகுதிக்குக் கண் கலங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். இடைவேளையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் என்னிடம் வந்து, "என் பி.எஃப். பணமும் இப்படித்தான் சார் போச்சு. பிள்ளைக்குக் குடுத்ததை எப்பத் திருப்பித் தருவேன்னு கேட்க வாய் வருமா?" என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு நிற்பது லண்டனுக்கு மட்டும் சொந்தமான கதை இல்லை. உங்கள் அப்பா அம்மா மூன்று தடவை பார்த்தார்கள் என்றால், ஜெய்ப்பூரின் வண்ணங்களுக்காக மட்டும் இருக்காது. எந்தக் காட்சியில் அமைதியாகிவிடுகிறார்கள் என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் படத்தோடு வேறொரு உறவும் உண்டு. கடல் கடந்த பென்ஷன் என்பது எங்களுக்குப் பழகிய விஷயம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய தமிழர்களை இங்கே சொல்தா என்போம். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பணிக்காலத்தை எங்கோ கழித்துவிட்டு, முதுமையைக் கழிக்க இந்த வெயிலுக்குத் திரும்பி வந்தவர்கள். ஜூலை 14 அன்று பீச் ரோட்டில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு நிற்கும் முதியவர்களை நீங்களும் பார்த்திருக்கலாம். ஈவ்லினும் டக்ளஸும் வெளிநாட்டில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கிறார்கள். இவர்களுக்கு எது வெளிநாடு, எது சொந்த ஊர் என்பதே லேசில் சொல்ல முடியாத கேள்வி. கடலூர்ப் பக்கம் வந்தால் இது வேறு மாதிரி. நம் அப்பா அம்மாக்கள் வெளிநாடு போவது பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள. ஆறு மாதம் ஒரு மூடிய வீட்டுக்குள் இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஓய்வெடுக்கப் போகிறவர்கள் அபூர்வம்.

சரி, இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன். அதன் சிக்கல் முதல் நிமிடத்திலேயே இருக்கிறது. எல்லோரும் ஏற்கெனவே வந்துசேர்ந்துவிட்டார்கள். போக்கிடம் இல்லாதவர்களுக்கு இடம் கிடைத்துவிட்டது, வேலைகூடக் கிடைத்துவிட்டது. அந்தக் கயிறு அறுந்த பிறகு கதைகளைச் சேர்த்துக் கட்ட என்ன இருக்கிறது? படம் ஒரு கல்யாணத்தைக் கொண்டுவருகிறது. சன்னிக்கும் சுனைனாவுக்கும் கல்யாணம், அதன் சடங்குகள் ஒவ்வொன்றாக நடக்கின்றன. கூடவே சன்னி இரண்டாவது விடுதி ஒன்றை வாங்க அலைகிறான். அமெரிக்க நிறுவனம் ஒன்று பணம் போடுவதற்கு முன்னால் ரகசியமாக ஆள் அனுப்பிச் சோதிக்கப்போகிறது. அந்த நேரம் பார்த்து ரிச்சர்ட் கியர் நடித்த எழுத்தாளர் வந்து இறங்க, இவர்தான் அந்த ஆள் என்று சன்னி முடிவு கட்டிக்கொள்கிறான். சன்னிக்குப் போட்டியாக இன்னொரு இளைஞன். சன்னியின் அம்மாவுக்கும் எழுத்தாளருக்கும் இடையே ஒரு நெருக்கம். அந்த ஏழு பேரில் ஒருத்தியான மேட்ஜுக்கு இரண்டு பணக்காரர்களில் யார் என்ற குழப்பம். ஏழு பேரில் இன்னொருவரான நார்மன், தான் உளறிய பேச்சால் தன் துணைக்கு ஆபத்து வந்துவிட்டதோ என்று பதறும் கதை. டக்ளஸை விட்டுப்போன ஜீன் திரும்பி வருவது. ஈவ்லினின் புது வேலை. மியூரியலின் உடல்நிலை.

வகுப்பில் மாணவர்களிடம் ஒரு படத்தின் கதை இழைகளைக் கரும்பலகையில் எழுதச் சொல்வேன். முதல் படத்துக்கு ஆறு, ஏழு வரும். இரண்டாவதுக்குப் பத்தைத் தாண்டும். படம் 122 நிமிடம், முதல் படமும் ஏறக்குறைய அவ்வளவுதான். வகுத்துப் பார்த்தால் ஒரு கதைக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம்கூடத் தேறாது. அதில் ஒரு மனிதரை அறிமுகப்படுத்தி, சிக்கலைக் காட்டி, அவிழ்க்கவும் வேண்டும். அவசரம் தெரியாமல் எப்படி இருக்கும்? நார்மன் கதையை எழுந்து போய்க் காப்பி கலந்துகொண்டு வந்து பார்த்தாலும் ஒன்றும் குறையாது. மேட்ஜ் கதைக்கு முடிவு மட்டும் அழகு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மூடிய பெட்டியைத் திறப்பது. முதல் படத்தின் கடைசியில் டக்ளஸ் வண்டி ஓட்ட, ஈவ்லின் பின்னால் உட்கார்ந்து போகிறாள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் வண்டிகள் நெரிந்து நின்றுவிட, ஜீன் மட்டும் கிளம்பிப் போய்விட்டாள். டக்ளஸ் திரும்பி வந்துவிட்டார். நமக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. ஆனால் இரண்டாம் பாகத்தில் இருவரும் மறுபடி தயங்கிக்கொண்டு, சொல்லவந்ததை விழுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "அன்னிக்குச் சேர்ந்துதானே போனாங்க, இப்ப என்ன புதுசா வெட்கம்?" அந்தக் கேள்விதான் சரியான விமர்சனம். சன்னி விஷயமும் அப்படியே. விடுதி பிழைத்தது, அம்மா சம்மதித்தாள், கல்யாணம் நிச்சயம் என்று முதல் படம் முடித்துவைத்ததை இது மறுபடி கேள்வியாக்குகிறது. பார்க்கிறவருக்கு முதல் படத்தின் முடிவு கொஞ்சம் நிறம் மங்கும். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது என்றால் இந்த இடத்தில்தான்.

இந்தியாவைக் காட்டும் விதத்திலும் ஒரு வருத்தம் உண்டு. முதல் படத்தில் விடுதியில் பெருக்கித் துடைக்கும் பெண், மியூரியலைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். தன் முகத்தைப் பார்த்துப் பேசிய ஒருத்தி என்பதற்காக. சாதியைப் பற்றி அந்தப் படம் அதிகம் பேசவில்லைதான், ஆனால் அந்த வீட்டில் மியூரியல் வாயடைத்து உட்கார்ந்திருக்கும் காட்சியில் ஒரு நேர்மை இருந்தது. இரண்டாம் பாகத்தில் அப்படி ஒரு வீட்டுக்குள் நாம் போவதே இல்லை. கல்யாணக் கூடம், விருந்து, நடனம், விளக்கு. தேவ் படேல் லண்டனில் பிறந்து வளர்ந்தவர். சன்னி பேசும் சுற்றிவளைத்த ஆங்கிலம் ஆங்கிலேயர் எழுதியது. அது முதல் படத்தில் வெள்ளந்தியாகத் தெரிந்தது. இரண்டாவதில் அளவு மீறிப்போய்ச் சலிப்புத் தட்டுகிறது. இது என் ரசனை. உங்கள் அம்மாவுக்குச் சன்னியை ரொம்பப் பிடித்திருந்தால் இதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான இடம். இரண்டாம் பாகத்தில் விடுதியில் ஒரு பழக்கம் ஏற்பட்டிருக்கிறது. தினமும் காலையில் சன்னி ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுகிறான். அவர்கள் பதில் சொல்ல வேண்டும். ராத்திரி யாரும் இறந்துபோகவில்லை என்று உறுதி செய்துகொள்வதற்காக. சிரிப்புக்காக வைத்த காட்சிதான். எங்கள் மாடியிலும் சிரித்தார்கள், ஆனால் சிரிப்புச் சட்டென்று நின்றது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் பென்ஷன் வாங்குகிறவர்கள். மாநில அரசில் இருந்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கருவூல நேர்காணலை முடிக்க வேண்டும், மஸ்டரிங் என்றுதான் சொல்வார்கள். மத்திய அரசில் இருந்தவர்கள் நவம்பரில் உயிர்வாழ்ச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். 2014 நவம்பரிலிருந்து ஜீவன் பிரமாண் என்ற பெயரில் விரல் ரேகை வைத்தும் கொடுக்கலாம். ரேகை தேய்ந்துபோன விரலை நாலு தடவை அழுத்திப் பார்க்கிற அனுபவம் உங்கள் அம்மாவுக்கு இருக்கலாம். உயிரோடு இருக்கிறேன் என்று வருடம் தவறாமல் போய்ச் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு, அந்தக் காலைநேரப் பெயர் கூப்பிடல் வெறும் வேடிக்கையாக இருக்க முடியாது.

அன்று பின்வரிசையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். சொல்தா குடும்பம். கணவர் போய்ப் பல வருடமாகிறது. அந்தக் காட்சியில் ஒவ்வொரு பெயரும் கூப்பிடப்பட்டபோது அவர் மெல்லிய குரலில் "ப்ரெஸான்" என்றார். வருகைப் பதிவில் உள்ளேன் என்பதற்குப் பிரெஞ்சில் சொல்வது. ராணுவத்தில் கணவர் சொன்ன சொல்லாம். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் அப்படித்தான் பதில் வருமாம். படம் முடிந்த பிறகு இதை எங்களிடம் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். இந்தப் பெயர் கூப்பிடும் காட்சிக்கு நிகரான ஒன்று முதல் படத்தில் இல்லை. முதல் படம் புது வாழ்க்கை தொடங்குவதைப் பற்றியது. தொடங்கிய வாழ்க்கை இன்னும் எத்தனை காலைகள் நீளும் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது இரண்டாவதுதான். படம் முழுக்க அந்தக் கேள்வியோடு நின்றிருந்தால் முதலாவதைத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மியூரியல் கதை அந்தக் கேள்வியோடுதான் நிற்கிறது. சக்கர நாற்காலியில் வந்து இறங்கியவள் இப்போது சன்னியோடு சேர்ந்து விடுதியை நடத்துகிறாள். படம் தொடங்கும்போது இருவரும் பணம் கேட்டு அமெரிக்கா போகிறார்கள். அங்கே சரியாகக் கொதிக்காத தண்ணீரில் கொடுத்த டீயை வைத்துக்கொண்டு அவள் பொரிந்து தள்ளுவாள். நம் ஊர் டீக்கடை மாஸ்டர் கேட்டால் எழுந்து நின்று கையைக் குலுக்குவார். அதன் பிறகு அவளுடைய மருத்துவப் பரிசோதனை முடிவு வருகிறது. அதில் என்ன இருந்தது என்று அவள் யாரிடமும் சொல்வதில்லை. கல்யாண வேலை நடந்துகொண்டிருக்கிறது, சன்னி தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறான், அவள் கணக்கைப் பார்த்துக்கொண்டு, அவனைத் திட்டிக்கொண்டு, தனக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிறாள்.

இதை வெளிநாட்டு விமர்சகர்கள் எப்படிப் பார்த்தார்களோ, நமக்கு இது நன்றாகத் தெரிந்த காட்சி. "கல்யாணம் நல்லபடியா முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்." எத்தனை வீடுகளில் இது நடந்திருக்கிறது! பேத்தி கல்யாணம் நெருங்கும்போது நெஞ்சு வலியை மறைத்த தாத்தா, ஸ்கேன் ரிப்போர்ட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகிவைத்த அத்தை. சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், நிற்காவிட்டாலும் எல்லோர் முகமும் வாடிவிடும். அந்தப் பாரத்தை ஒருத்தர் மட்டும் சுமந்துகொண்டு பந்தியில் எல்லோரையும் உபசரித்துக்கொண்டிருப்பார். படத்தை எழுதியவர்கள் நம் வழக்கத்தைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேகி ஸ்மித் நடந்துகொள்ளும் விதத்தில் அந்த அத்தைகளும் தாத்தாக்களும் அப்படியே இருக்கிறார்கள். அவர் அழுவதில்லை. பார்வையைக் கொஞ்சம் நேரம் கூடுதலாக நிறுத்துகிறார், அவ்வளவுதான். முதல் படத்தில் மியூரியலின் மாற்றம் கொஞ்சம் வேகமாக நடந்துவிட்டது, இந்தியரை வெறுத்தவள் நாலு காட்சியில் மாறிவிட்டாளே என்ற குறை எனக்கு எப்போதும் உண்டு. அந்த மாற்றத்துக்கு வேர் பிடிக்க வைத்தது இரண்டாம் பாகம். அவள் கதை எப்படி முடிகிறது என்று நான் சொல்லப்போவதில்லை. கடைசியில் அவள் எழுதும் கடிதம் ஒன்று வரும். அப்போது பக்கத்தில் இருங்கள்.

ஈவ்லின் கதையிலும் ஒரு நல்ல விஷயம் உண்டு. எழுபத்தொன்பது வயதில் ஒரு துணி நிறுவனம் அவளைக் கொள்முதல் வேலைக்குக் கூப்பிடுகிறது. முதல் படத்தில் பிழைப்புக்காகக் கால் சென்டரில் சேர்ந்தவள். இப்போது அவளுடைய கண்ணையும் கையையும் நம்பி வேலை வருகிறது. அந்த வயதில் தன்னால் முடியுமா என்ற தயக்கத்தை ஜூடி டென்ச் காட்டும் விதம் அருமை. காதலைச் சொல்லத் தயங்குவது மறுபடி சொன்ன கதை, வேலைக்குத் தயங்குவது புதிய கதை. இதற்கு இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம். பெண்கள் பக்கத்தில் அன்று இதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அடுப்பிலிருந்து ஓய்வு கிடையாது என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் ஆமோதித்தார்கள்.

இந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே எளிதாக வந்து வாழ்ந்துவிடலாம் என்று நினைக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் ஒருவர் கேட்டார் என்பதால். பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் இந்தியாவில் குடியேறியவர்களுக்கு வருடா வருடம் ஏறாது. எந்தத் தொகையில் இங்கே வாங்க ஆரம்பித்தார்களோ அதிலேயே நின்றுவிடும். பல நாடுகளில் வாழ்கிறவர்களுக்கு ஏற்றம் உண்டு, இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. விலைவாசி ஏற ஏற, விடுதி வாடகை கொடுக்க ஈவ்லின் என்ன செய்வாள்? இரண்டு படங்களும் இதைத் தொடவில்லை. இரண்டாவது படம் தொட்டிருந்தால், எல்லோரும் ஏன் வேலைக்குப் போகிறார்கள் என்பதற்கு நல்ல காரணமும், கதைக்கு ஒரு கயிறும் கிடைத்திருக்கும்.

வசூலை வைத்துத் தரத்தைச் சொல்கிறவர்களும் உண்டு. முதல் படம் சுமார் ஒரு கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு உலகெங்கும் 13 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. இரண்டாவது ஏறக்குறைய எட்டரைக் கோடி. குறைவுதான். ஆனால் தோல்வி இல்லை. வயதானவர்களை வைத்து எடுத்த படத்துக்கு இவ்வளவு பேர் வந்தார்கள் என்பதே எனக்குச் சந்தோஷம். உங்கள் கேள்விக்கு இந்த எண்கள் உதவாது.

இன்று இரண்டாம் பாகத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று கூடுதலாகத் தெரியும். நார்மனாக நடித்த ரொனால்ட் பிக்கப் 2021 பிப்ரவரியில் காலமானார். முதல் படத்தில் நீதிபதியாக வந்த டாம் வில்கின்சன் 2023 டிசம்பரில். மேகி ஸ்மித் 2024 செப்டம்பரில். மேகி ஸ்மித்தும் ஜூடி டென்ச்சும் ஒரே வருடம், ஒரே மாதம், 1934 டிசம்பரில் பிறந்தவர்கள், நெடுநாள் சிநேகிதிகள். ஜூடி 9ஆம் தேதி, மேகி 28ஆம் தேதி. இரண்டாம் பாகம் திரைக்கு வந்தபோது இருவருக்கும் எண்பது. அவர்கள் இருவரும் உட்கார்ந்து பேசும் சின்னக் காட்சிகளை இன்று பார்க்கும்போது கதை ஒரு பக்கம் ஓட, அந்த இரண்டு பெண்களின் சொந்த வாழ்க்கையும் தெரிகிறது. 2015இல் பார்த்தபோது எனக்கு இப்படித் தோன்றவில்லை. போன வருடம் மறுபடி பார்த்தபோது அந்த இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

ஆகவே காட்டுங்கள். எப்படி என்று கேட்டால், என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதல் படத்தைப் பார்த்த கையோடு காட்ட வேண்டாம். நாங்கள் விட்டது மூன்று மாதம், நீங்கள் ஒரு மாதமாவது விடுங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒப்பிடத்தான் தோன்றும். காட்டுவதற்கு முன்னால், இது பழைய சிநேகிதர்களை மறுபடி பார்க்கப்போகிற மாதிரி, கதை பெரிதாக இருக்காது என்று சொல்லிவையுங்கள். எதிர்பார்ப்பு சரியான அளவில் இருந்தால் பாதிக் குறை தெரியாது. இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் ஓட்டாமல், பாதியில் நிறுத்தி எழுந்து நடக்க விடுங்கள். புதியவர்கள் நிறையப் பேர் வருவதால் யார் யார் என்று ஒரு நிமிடம் சொல்லிவிட்டால் குழப்பம் குறையும். ஆங்கிலம் வேகமாக இருக்கும். வசனத்தைத் திரையின் கீழே எழுத்தாக ஓடவிட்டு, பெரிய எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டில் யாருக்காவது பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிற நேரமாக இருந்தாலோ, நெருங்கியவர் ஒருவர் சமீபத்தில் போயிருந்தாலோ, இதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். மியூரியல் கதை மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் ஆழமாகத் தைக்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் பாதியில் எழுந்து போய் மாடிச் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் மனைவிக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது எனக்கு அப்போது தெரியாது. முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியது என் பொறுப்பு. அன்றிலிருந்து படம் போடுவதற்கு முன்னால், கதையில் நோய் வருகிறது, சாவு வருகிறது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

படம் முடிந்ததும் உங்கள் அம்மா மூன்றாவது பாகம் உண்டா என்று கேட்பார். எங்கள் மாடியிலும் கேட்டார்கள். எடுக்கப்படவில்லை. அப்படிக் கேட்டால் அடுத்த வாரம் முதல் படத்தையே இன்னொரு தடவை போடுங்கள். மியூரியல் சக்கர நாற்காலியில் வந்து இறங்கி எல்லோரையும் முறைக்கிற அந்தக் காட்சி, இரண்டாவதைப் பார்த்த பிறகு வேறு மாதிரி இருக்கிறது.